இராமநாதபுரம் கடற்கரையில் பேஸ் கிட்டாருக்குப் பிக்கப் மாற்றுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொண்டியிலிருந்து ஏர்வாடி வரையிலும், பாம்பனைக் கடந்து இராமேசுவரம் தீவிலும், திருவிழா மேடைகளில் மெல்லிசைக் குழுக்களோடும் தேவாலயங்களில் பாடகர் குழுக்களோடும் பேஸ் கிட்டார் வாசிப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. பிக்கப் மாற்றும் வேலை எந்த ஊரிலும் ஒன்றுதான். ஆனால் எந்தப் பிக்கப்பை வாங்குவது என்பதை இந்தக் கரையில் உப்புக் காற்றும் ஜெனரேட்டர் மின்சாரமும் பெருமளவு தீர்மானித்துவிடுகின்றன என்பதால், விடைகள் அவற்றை மனத்தில் வைத்தே எழுதப்பட்டுள்ளன.

பிக்கப்பை மாற்றினால் ஒலி எவ்வளவு மாறும்?

காந்தத்தைச் சுற்றி, தலைமுடியை விட மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றினால் அதுவே பிக்கப். எஃகுத் தந்தி அதன்மேல் அதிரும்போது காந்தப்புலம் அசைந்து, சுருளில் மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கிறது. காந்தத்தின் வகை, சுற்றுகளின் எண்ணிக்கை, தந்தியின் எந்த இடத்துக்கு நேர் கீழே பிக்கப் அமர்ந்திருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்து ஒலியை முடிவு செய்கின்றன. இவற்றுள் மூன்றாவதே பெரியது. தந்திகள் கிட்டாரின் உடலில் வந்து தங்கும் பிரிட்ஜுக்கு அருகில் உள்ள பிக்கப் இறுக்கமாகவும் கூர்மையாகவும் ஒலிக்கும்; கழுத்துப் பக்கம் செல்லச் செல்ல ஒலி தடித்துக் கனக்கும். புதிய பிக்கப் பழைய பள்ளத்திலேயே அமர்வதால் இடம் மாறுவதில்லை. ஆகவே இரண்டு துண்டாகப் பிரிந்த ஒரே பிக்கப் உள்ள பிரிசிஷன் வகைக் கிட்டாரில் எவ்வளவு விலை உயர்ந்த பிக்கப்பைப் போட்டாலும், அது கழுத்துப் பக்கம் ஒன்றும் பிரிட்ஜ் பக்கம் ஒன்றுமாக இரு பிக்கப் உள்ள ஜாஸ் வகைக் கிட்டாராக ஆகிவிடாது. ஒலியின் தெளிவும், அளவும், நடு அலைவரிசையின் எடுப்பும் மாறும் என்று எதிர்பார்ப்பதே நியாயமானது.

பிக்கப்பைத்தான் மாற்ற வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பிக்கப் சரியில்லை என்று சொல்லப்படும் கிட்டார்களில் பலவற்றுக்குத் தேவைப்படுவது வேறொன்றாக இருக்கும். முதலில் தந்திகளைப் பாருங்கள். கடற்கரையில் தந்தி விரைவில் மங்கிவிடும். மங்கிய தந்திக்கு எந்தப் பிக்கப்பும் பளபளப்பைத் தர முடியாது. அடுத்து பிக்கப்பின் உயரம். கடைசிக் கட்டையில் (ஃப்ரெட்) தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தந்தியின் அடிப்பாகத்துக்கும் பிக்கப்பின் காந்தத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்தால், தடித்த தந்திப் பக்கம் சுமார் 3 மில்லிமீட்டரும் மெல்லிய தந்திப் பக்கம் சுமார் 2 மில்லிமீட்டரும் இருப்பது நல்ல தொடக்கம். அதைவிட மிக நெருங்கினால் காந்தம் தந்தியை இழுத்து, மேல் கட்டைகளில் சுருதி தள்ளாடும்.

அதன்பின் மல்டிமீட்டரை எடுங்கள். கிட்டாரில் கேபிளைச் செருகி, வால்யூமை முழுதும் திறந்து, கேபிளின் மறுமுனையில் நுனிக்கும் உடம்புக்கும் இடையே மின்தடையை அளக்க வேண்டும். பிரிசிஷன் வகைப் பிக்கப் பெரும்பாலும் 10 அல்லது 11 கிலோ ஓம் அருகிலும், ஜாஸ் வகைப் பிக்கப் ஒவ்வொன்றும் 7 அல்லது 8 கிலோ ஓம் அருகிலும் இருக்கும். வால்யூம் கன்ட்ரோலின் 250 கிலோ ஓம் பிக்கப்போடு இணையாக நிற்பதால், 10 கிலோ ஓம் பிக்கப் மீட்டரில் ஏறக்குறைய 9.6 என்றே தெரியும். ஜாஸ் வகையில் இரு வால்யூமும் திறந்திருந்தால் ஒன்றின் மதிப்பில் பாதியே தெரியும். இவை பிழைகள் அல்ல. ஆனால் மீட்டர் 250 கிலோ ஓமுக்கு அருகில் காட்டினால், வால்யூம் கன்ட்ரோலை மட்டுமே மீட்டர் பார்க்கிறது, பிக்கப்பின் சுருளோ அதன் இணைப்போ எங்கோ அறுந்துவிட்டது என்று பொருள். அளவு சரியாக இருந்து, குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரவென்று ஒலித்தால், குற்றம் வால்யூம் கன்ட்ரோலில் இருக்கிறது. காண்டாக்ட் கிளீனர் தெளித்து இருபது முறை திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். துரு நீக்கும் எண்ணெயை அதற்குள் அடிப்பவர்கள் உண்டு. அது அந்தப் பகுதிக்கு உரியதல்ல.

பேட்டரியில் இயங்கும் பிக்கப்புகளுக்கு இந்த அளவீடு பொருந்தாது.

ஓரிரு ஆண்டுகளிலேயே பிக்கப் செத்துப்போவதற்கு உப்புக் காற்று காரணமாகுமா?

ஆகும். ஆனால் எல்லா வகைப் பிக்கப்பும் ஒரே மாதிரி பாதிக்கப்படுவதில்லை. பழைய முறையில் செய்யப்படும் பிக்கப்புகளில் அல்னிகோ காந்தத் தண்டுகளின் மேலேயே நேரடியாகச் செப்புக் கம்பி சுற்றப்படுகிறது. அல்னிகோவில் இரும்பு கணிசமாக உண்டு. உப்பு கலந்த ஈரமும் கை வியர்வையும் தண்டின் தலை வழியாக இறங்கினால் காந்தம் துருப்பிடிக்கும். அந்தத் துரு, கம்பியின் மேலுள்ள மெல்லிய பூச்சை அரித்து, செப்பைப் பச்சை பாரிக்கச் செய்து, கடைசியில் கம்பியை அறுத்துவிடும். தண்டுகளின் தலை மூடியின் துளைகள் வழியே வெளியே தெரியும் பிக்கப்புகளில் இந்த ஆபத்து அதிகம்.

இதற்கு மாறாக, பிளாஸ்டிக் பாபினில் கம்பியைச் சுற்றி, முழு மூடி போட்டு, உள்ளே எபாக்ஸி பிசின் ஊற்றி அடைக்கப்பட்ட பிக்கப்புகள் இந்தக் கரையில் நெடுநாள் தாங்கும். ஈஎம்ஜி, பார்டோலினி ஆகிய நிறுவனங்களின் பிக்கப்புகள் இந்த முறையில் அடைக்கப்பட்டு வருகின்றன. பழைய தோற்றமும் பழைய ஒலியுமே வேண்டும் என்பவர்கள் திறந்த காந்தத் தண்டு உள்ளவற்றை வாங்கலாம். ஆனால் மதுரையில் இருப்பவருக்குச் சொல்லும் அதே ஆலோசனையைப் பாம்பனில் இருப்பவருக்கு நான் சொல்லமாட்டேன்.

என் கிட்டாருக்கு எந்த அளவுப் பிக்கப் பொருந்தும்?

பெயரை நம்பாமல் அளவுகோலை நம்புங்கள். ஃபெண்டர் நிறுவனத்தின் பிரிசிஷன் பேஸ் 1951-இல் ஒற்றைச் சுருளோடு வந்தது. 1957-இல்தான் இரண்டு துண்டாகப் பிரிந்த பிக்கப் அதில் இடம்பெற்றது. இன்று பிரிசிஷன் வகை என்று விற்கப்படுபவை பெரும்பாலும் அந்த 1957-ஆம் ஆண்டு வடிவமே என்பதால், அவற்றில் பொருத்தச் சிக்கல் குறைவு. 1960-இல் வந்த ஜாஸ் பேஸில் கழுத்துப் பக்கப் பிக்கப் ஏறக்குறைய 92 மில்லிமீட்டரும் பிரிட்ஜ் பக்கப் பிக்கப் ஏறக்குறைய 95 மில்லிமீட்டரும் நீளம் கொண்டவை. இதை அறியாமல் ஒரே அளவில் இரண்டு வாங்கிவிட்டு, ஒன்று பள்ளத்தில் இறங்காமல் நிற்பதைப் பார்த்துத் திகைப்பவர்கள் பலர். சில ஆசிய நிறுவனங்கள் இரண்டையும் ஒரே அளவில் செய்வதும் உண்டு.

ஐந்து தந்திக் கிட்டார்களில் காணப்படும் சோப்புக் கட்டி வடிவப் பிக்கப்புகளுக்குப் பொதுவான ஓர் அளவே கிடையாது. ஈஎம்ஜி 35, 40, 45 என்ற எண்கள் முறையே 3.5, 4, 4.5 அங்குல நீளத்தைக் குறிக்கின்றன. பிற நிறுவனத்தார் தங்கள் அளவையே வைத்திருக்கிறார்கள். நீளம், அகலம், மூலையின் வளைவு, பள்ளத்தின் ஆழம் ஆகிய நான்கையும் அளந்து எழுதிவைத்த பிறகே பணம் அனுப்புங்கள். தந்திகளின் இடைவெளி காந்தத் தண்டுகளோடு ஒத்துவராது என்ற ஐயம் இருந்தால், தனித்தனித் தண்டுகளுக்குப் பதில் நீண்ட பட்டைக் காந்தமோ இரும்புப் பட்டையோ உள்ள பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கலாம்.

திருவிழா மேடையில் மட்டும் உம்மென்ற இரைச்சல் வருகிறது. பிக்கப் மாற்றினால் தீருமா?

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. நம் நாட்டு மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் தடித்த இ தந்தியில் மூன்றாம் கட்டையைப் பிடித்தால் வரும் ஜி சுரத்தின் அதிர்வெண் 49 ஹெர்ட்ஸ். அதாவது மேடை இரைச்சல் உங்கள் வாசிப்புக்குள்ளேயே, ஏறக்குறைய ஒரு சுரமாக உட்கார்ந்துகொள்கிறது. லீட் கிட்டார் வாசிப்பவர் தன் ஆம்பில் அடி ஒலியைக் குறைத்து அதை ஓரளவு ஒதுக்கிவிடலாம். பேஸ் வாசிப்பவருக்கு அந்த வசதி இல்லை.

இரைச்சல் இருவகை. ஒன்று மின்புலத்தால் வருவது: சீரியல் செட் விளக்குகள், டிம்மர்கள், டியூப் லைட் ஆகியவை எழுப்பும் ரீங்காரம். பிக்கப் பள்ளத்திலும் கன்ட்ரோல் பள்ளத்திலும் செப்புத் தகடு ஒட்டி, எல்லாத் தகடுகளும் ஒன்றோடொன்று மின்தொடர்பு கொண்டிருப்பதை மல்டிமீட்டரில் உறுதிசெய்து, எர்த்தோடு இணைத்தால் இது வெகுவாக அடங்கும். சமையலறை அலுமினியத் தாளில் சால்டர் ஒட்டாது. செப்புத் தகடே வாங்குங்கள். மற்றொன்று காந்தப்புலத்தால் வருவது: டிரான்ஸ்ஃபார்மர், ஜெனரேட்டர், பெரிய ஆம்ப் ஆகியவற்றின் அருகில் நின்றால் கேட்கும் கனத்த உறுமல். மெல்லிய செப்புத் தகடு இதைத் தடுக்காது. எதிரெதிர்த் திசையில் சுற்றி, எதிரெதிர்க் காந்த முனைகள் கொண்ட இரு சுருள்களைச் சேர்த்தால் மட்டுமே உறுமல் தானே தன்னை அழித்துக்கொண்டு, தந்தியின் ஒலி மட்டும் மிஞ்சும்.

பிரிசிஷன் வகையின் இரு துண்டுகளும் இந்த முறையில் இயங்குவதால் அது இயல்பாகவே அமைதியானது. ஜாஸ் வகையில் இரு வால்யூமும் சமமாகத் திறந்திருக்கும்வரை மட்டுமே உறுமல் அடங்கும். ஒன்றைக் குறைத்ததும் திரும்பிவிடும். மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் வண்டி நிற்கும் நிகழ்ச்சிகளில் ஜாஸ் வகை வாசிப்பவர்கள், அதே வெளி அளவில் உள்ளே இரண்டு சுருள் வைத்துச் செய்யப்படும் ஜாஸ் பிக்கப்புக்கு மாறுவது, பிக்கப் மாற்றுவதற்கான காரணங்களிலேயே மிக நியாயமான காரணம். ஒலியில் ஒற்றைச் சுருளின் மினுமினுப்பு சிறிது குறையும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முளைப்பாரி ஊர்வலம் முடிந்து நள்ளிரவில் தொடங்கும் கச்சேரியில் அந்தக் குறையைக் கண்டுபிடிப்பவர் எவரும் இருக்கமாட்டார்.

மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கிறது. பிக்கப் இணைப்பில் தவறா?

இதைப் பிக்கப் கேள்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கிட்டாரின் தந்திகள் பிரிட்ஜுக்கு அடியிலுள்ள ஒரு கம்பியின் வழியாக ஆம்பின் எர்த்தோடு இணைந்துள்ளன. ஆம்புக்கும் மைக் செல்லும் மிக்சருக்கும் வெவ்வேறு மின்வழி இருந்து, அவற்றுள் ஒன்றில் எர்த் இல்லாமலோ கசிவு இருந்தாலோ, உங்கள் உடம்பு இரண்டுக்கும் நடுவே பாலமாகிவிடும். இது உயிரைப் பறிக்கக்கூடியது. வாசிப்பதை உடனே நிறுத்திவிட்டு, ஒலிபெருக்கிக்காரரையும் ஜெனரேட்டர்காரரையும் அழைத்து, மேடைக் கருவிகள் அனைத்தும் எர்த் உள்ள ஒரே இணைப்பிலிருந்து மின்சாரம் பெறச் செய்யுங்கள். இரைச்சலைக் குறைப்பதற்காக மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையைத் துண்டிக்கும் பழக்கம் சில மேடைகளில் இன்றும் இருக்கிறது; அதற்கு இடம் கொடுக்கவே கூடாது. ஆம்பும் மிக்சரும் இரு வழிகளில் எர்த்தோடு இணைவதால் வரும் எர்த் சுழல் இரைச்சலுக்கு, கிட்டாரின் ஒலியை மிக்சருக்கு அனுப்பும், டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பெட்டியில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் பயன்படுத்துங்கள். அது ஒலிக் கேபிளின் எர்த்தை மட்டும் பிரிக்கிறது. மின்சார எர்த்தைத் தொடுவதில்லை.

பேட்டரிப் பிக்கப் நல்லதா, சாதாரணப் பிக்கப் நல்லதா?

நீண்ட கேபிளில் ஒலி மங்காமல் போய்ச் சேர்வதும் அமைதியும் பேட்டரிப் பிக்கப்பின் பலம். 9 வோல்ட் பேட்டரி கச்சேரி நடுவே தீர்ந்துபோவதும், பேட்டரியின் முனைகள் உப்புக் காற்றில் பச்சை பாரிப்பதும் அதன் பலவீனம். இத்தகைய கிட்டார்களில் ஜாக்கில் கேபிளைச் செருகுவதே பேட்டரியை இயக்கும் சுவிட்ச் என்பதால், வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். பேட்டரியை மாற்றிக்கொண்டே இருக்கும் பொறுமை இல்லாதவர்கள் சாதாரணப் பிக்கப்பிலேயே இருக்கலாம்.

திரைப்பாடல்களை வாசிப்பவர்கள் மேலும் ஒன்றைக் கருதவேண்டும். இளையராஜாவின் இசையில் பேஸ் பல இடங்களில் தாளத்தோடு மட்டும் நில்லாமல் தனி மெட்டாகவே நடக்கிறது. அந்த நடை திறந்தவெளியில் கேட்பவருக்குப் புரிய வேண்டுமானால், நடு அலைவரிசை தெளிவாக உள்ள பிக்கப் தேவை. அடி ஒலியைத் திருவிழாவின் பெரிய பெட்டிகள் தேவைக்கு மேலேயே கொடுத்துவிடும்.

வால்யூம் கன்ட்ரோல், கண்டென்சர் ஆகியவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டுமா?

கிட்டாரைத் திறந்தபிறகு மாற்றிவிடுவதே நல்லது. சாதாரண ஒற்றைச் சுருள் மற்றும் பிரிசிஷன் வகைகளுக்கு 250 கிலோ ஓம், உறுமலை அடக்க இரு சுருள் சேர்த்த ஹம்பக்கர் வகைகளுக்கு 500 கிலோ ஓம், ஈஎம்ஜி போன்ற பேட்டரி வகைகளுக்கு 25 கிலோ ஓம் என்பது வழக்கம். மதிப்பு கூடினால் ஒலியின் கூர்மை (டிரெபிள்) கூடும். கன்ட்ரோலின் முதுகில் ஏ என்ற எழுத்து இருந்தால், நம் கடைகளில் கிடைக்கும் ஆசியத் தயாரிப்புகளில், அது காதுக்கு ஏற்றபடி படிப்படியாகக் கூடும் வகை. பி என்பது நேர் விகித வகை. டோனுக்கு 47 நானோ ஃபாரட் கண்டென்சர் போதும். அதை ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் வாங்கினாலும், விலை உயர்ந்த உறையில் வாங்கினாலும் அதே மதிப்புக்கு அதே வேலைதான். குமிழின் துளை 6 மில்லிமீட்டரா கால் அங்குலமா என்பதை மட்டும் பார்த்து வாங்குங்கள்.

சால்டர் வைக்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

எதையும் கழற்றும் முன் உள்ளே இருப்பதைக் கைபேசியில் நாலு கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பிக்கப்பின் கம்பிகளை வெட்டாமல், சூடாக்கிக் கழற்றுங்கள். கன்ட்ரோலின் கால்களுக்கு 25 வாட் இரும்பு போதுமானது. கன்ட்ரோலின் முதுகில் எர்த் கம்பியை ஒட்டுவதற்கு 40 வாட் வேண்டும், ஏனெனில் சிறிய இரும்பை நெடுநேரம் அழுத்தி வைத்திருப்பதே உள்ளிருக்கும் கார்பன் தடத்தைக் கெடுக்கிறது. முதுகை முதலில் உப்புத்தாளால் லேசாகச் சுரண்டிக்கொண்டால் சால்டர் உடனே பிடிக்கும். கடல் காற்று நேரே வீசும் ஜன்னலோரத்திலோ மின்விசிறிக்குக் கீழேயோ இந்த வேலையைச் செய்தால் இரும்பு ஆறிக்கொண்டே இருக்கும். ஆனால் புகை வெளியேற ஒரு கதவாவது திறந்திருக்க வேண்டும்.

ஜாஸ் வகையில் பிக்கப்பின் கம்பி வால்யூம் கன்ட்ரோலின் நடுக்காலுக்குச் செல்லும். பிரிசிஷன் வகையில் அது ஓரக்காலுக்குச் செல்லும். ஜாஸ் வகையிலும் ஓரக்காலில் கொடுத்துவிட்டால், ஒரு வால்யூமை முழுதும் மூடியவுடன் இரண்டு பிக்கப்பும் சேர்ந்து மௌனமாகிவிடும். பிரிட்ஜுக்கு அடியிலிருந்து வரும் எர்த் கம்பியை மறந்துவிடுவதும் அடிக்கடி நடப்பது. தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறையாமல் கூடினால் அந்த இணைப்பை முதலில் சோதியுங்கள்.

இரண்டு பிக்கப்பையும் சேர்த்துத் திறந்தால் ஒலி சோனியாகிவிடுகிறது. ஏன்?

ஒரு பிக்கப்பின் அலை மற்றதற்கு எதிராக இயங்குகிறது. வெவ்வேறு நிறுவனப் பிக்கப்புகளைச் சேர்த்துப் போட்டவர்களுக்கு இது அதிகம் நேரும். ஏதாவது ஒன்றின் இரு கம்பிகளை இடம் மாற்றிக் கொடுத்தால் சரியாகும். ஆனால் எர்த் கம்பி பிக்கப்பின் உலோக மூடியோடு அல்லது அடித்தகட்டோடு இணைந்திருந்தால் அப்படி மாற்றக்கூடாது. மாற்றினால் மூடியே இரைச்சலைப் பிடிக்கும் ஆன்டெனாவாகிவிடும். அந்த இணைப்பை முதலில் பிரித்துத் தனிக் கம்பியாக எர்த்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

பிரிசிஷன் பிக்கப்பின் இரு துண்டுகளில் ஒன்றின் கம்பிகளை மட்டும் இடம் மாற்றி இணைத்தால் வேறு விதமான அறிகுறி தோன்றும். ஒவ்வொரு துண்டும் தனக்குரிய இரு தந்திகளை மட்டுமே கேட்பதால் ஒலி சோனியாவதில்லை; அமைதியாக இருந்த பிக்கப் திடீரென்று உறுமத் தொடங்கும். புதுப் பிக்கப் மோசம் என்று திருப்பி அனுப்பும் முன் இதைச் சரிபாருங்கள்.

சுவிட்ச் வைத்து வெவ்வேறு ஒலிகளைப் பெற முடியுமா?

முடியும். ஜாஸ் வகையின் இரு பிக்கப்புகள் வழக்கமாக இணையாக இணைக்கப்பட்டுள்ளன. இழுத்தால் மாறும் வகைக் கன்ட்ரோல் ஒன்றைப் போட்டு அவற்றைத் தொடராக மாற்றினால், ஒலி அளவு கூடி, நடு அலைவரிசை தடித்து, பிரிசிஷன் வகையின் திசையில் ஒலி நகரும். செலவு குறைவு, பலன் அதிகம் என்பதால் ஜாஸ் வகை வைத்திருப்போர் முதலில் செய்ய வேண்டிய மாற்றம் இதுவே என்பது என் கருத்து. இதற்கு மேல் மூன்று நான்கு சுவிட்சுகள் வைப்பவர்கள், மேடையின் அரை வெளிச்சத்தில் எதை இழுத்தோம் என்று தேடவேண்டி வரும்.

பெரிய பிக்கப்புக்காக மரத்தில் பள்ளத்தை அகலப்படுத்தலாமா?

அகலப்படுத்தலாம், ஆனால் அது திரும்பப் பெற முடியாத வேலை. நம் கரையில் படகு கட்டும் ஆசாரிகளின் கைத்திறனில் குறை சொல்ல எதுவும் இல்லை. எனினும் இவ்வேலைக்கு உளியை விட டிரிம் ரூட்டரும் பிளைவுட்டில் வெட்டிய அச்சும் பாதுகாப்பானவை. அச்சைச் செய்து தருவது கிட்டார்காரரின் பொறுப்பு; அரை மில்லிமீட்டர் வித்தியாசம் படகுப் பலகையில் பொருட்டாகாது, இங்கே கண்ணுக்குத் தெரியும். வெட்டியதால் பூச்சின்றித் தெரியும் மரத்தின் மேல் உடனே வார்னிஷ் பூசிவிடுங்கள். பூசாமல் விட்டால் ஐப்பசி, கார்த்திகை மாத ஈரத்தை மரம் குடித்து, ஸ்க்ரூக்களின் பிடி தளரும்.

புதிய பிக்கப்பை உப்பிலிருந்து காப்பது எப்படி?

பிக்கப்பை உயர்த்திப் பிடிக்க அடியில் வைக்கப்படும் ஸ்பான்ஞ் ஈரத்தில் பிசுபிசுத்துப் பொடியாகும், ஸ்பிரிங் துருப்பிடிக்கும். இரண்டுக்கும் பதிலாகச் சிறு சிலிக்கான் குழாய்த் துண்டுகளை ஸ்க்ரூவில் கோத்துவிடலாம். ஸ்க்ரூக்களை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றுங்கள். படகு உதிரிபாகக் கடைகளில் 316 தரம் என்று கேட்டால், உப்பை 304 தரத்தை விட நன்கு தாங்கும் எஃகு கிடைக்கும். கிட்டாருக்கு வேண்டிய சிறிய அளவு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வாசித்து முடித்ததும் தந்திகளையும் பிக்கப்பின் மேற்பரப்பையும் உலர்ந்த துணியால் துடைத்து, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஈரத் துணி வேண்டாம். கடலோர வீட்டில் கிட்டாரைச் சுவரில் அழகாக மாட்டிவைப்பதும் வேண்டாம்.

கழற்றிய பழைய பிக்கப்பை என்ன செய்வது?

சுருள் அறுந்திருந்தாலும் தூக்கி எறியாதீர்கள். காந்தமும் சட்டமும் நன்றாக இருந்தால், கம்பியை மட்டும் புதிதாகச் சுற்றி உயிர்ப்பிக்க முடியும். நல்ல நிலையில் இருந்தால் ஸ்க்ரூக்களோடு சேர்த்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, அதன் மின்தடையையும் கம்பிகளின் நிறத்தையும் ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். கிட்டாரை விற்கும் நாளில், வாங்க வருபவர் பழைய உறுப்புகள் இருக்கின்றனவா என்று கட்டாயம் கேட்பார்.